பாதுகாப்புப் பொறுப்பாளரின் ரைஃபிள்

மார்ச் 15, ஞாயிறு

ஆராதனை முடிந்து, தாம்பரம் தாண்டித் துப்பாக்கி சுடும் கிளப்புக்குப் போனேன். பயிற்சி முடிந்ததும் தசரதன், உள்ளே தோட்டா இல்லை என்று போல்ட்டைத் திறந்து காட்டாமலே ரைஃபிளைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டார். இருபது வருடமாகச் சுடுகிற மனுஷன்! பாதுகாப்புப் பொறுப்பாளன் நான், சும்மா விடுவேனா? கால் மணி நேரம் வாங்கு வாங்கென்று வாங்கினேன். "நமக்குத் தெரியாதா சார்?" என்று அசட்டுச் சிரிப்பு வேறு. தெரிந்தவர்களால்தான் ஆபத்து என்றேன். அருமையான வாக்கியம், அடுத்த கூட்டத்திலும் சொல்ல வேண்டும்.

பேச்சோடு பேச்சாக என் ரைஃபிளையும் பையில் போட்டுக் கிளம்பினேன். பொறுப்பாளரைச் சோதிக்க யார் இருக்கிறார்கள்?

மார்ச் 19

தேர்தல் வருகிறதாம். உரிமம் உள்ளவர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டுமாம். என்னால் நாட்டுக்கு ஆபத்து!

மார்ச் 21



சிட்லபாக்கத்திலிருந்து ஆட்டோ. மனைவி ஈவ்லினுக்கும் கடையில் வேலை இருந்ததால் கூட வந்தாள். பையை இருவர் மடியிலும் குறுக்கே கிடத்தினோம். வழியெல்லாம் பள்ளம்.

நிலையத்தில் ரோஹிணி என்ற ஏட்டம்மா. "தொறந்து காட்டுங்க சார்."

"முப்பது வருஷமா சுடுறேன்மா. கிளப்புல சேஃப்டி இன்சார்ஜே நான்தான்."

"இருக்கட்டும் சார். செவுத்துப் பக்கமா வெச்சுத் தொறங்க."

திறந்தேன். ஒரு தோட்டா துள்ளி மேசையில் விழுந்து உருண்டது.

அந்தம்மா திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

ஆறு நாள். ஆறு நாளா அலமாரியில அது உள்ளேயே... ஆட்டோவில் குழல் யார் பக்கம்? ஈவ்லின் பக்கம், அவள் மடிமேல். சேஃப்டி லாக் போட்டிருந்தேன் என்று நினைக்கிறேன். நினைக்கிறேனாம்! தூ.

 வீட்டு வாசலில் ஈவ்லின் கேட்டாள்: "என் பக்கம்தானே இருந்துச்சு?"

மார்ச் 22

கிளப்பில் நானே சொல்லிப் பொறுப்பிலிருந்து விலகினேன். தசரதன் தோளைத் தட்டினார். "விடுங்க சார், எல்லாருக்கும் நடக்கறதுதான்." இப்படித்தான் சீனியர்கள் நாங்கள் ஒருவரையொருவர் தட்டிக்கொடுத்தே கெடுக்கிறோம்.

ஏப்ரல் 3

புனித வெள்ளி. ஆலயத்தில் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். கைப்பையை மட்டும் எங்கள் நடுவில் வைத்தாள்.

மே 16

ரைஃபிள் திரும்பி வந்தது. நிலையத்திலேயே திறந்து பார்த்துத்தான் வாங்கினேன். வீட்டில் அலமாரிக்கு முன்னால் ஈவ்லின் மறித்தாள்.

"இதை எப்படித் தொறக்கறது? காட்டுங்க."

இருபத்தாறு வருடத்தில் அவள் அதைத் தொட்டதில்லை. காட்டினேன். டார்ச் அடித்துப் பார்த்தாள். பிறகு சுண்டுவிரலை உள்ளே விட்டுத் தடவினாள்.

"நான்தான் பாத்துட்டேனே."

"பாத்தீங்க, சரி" என்றவள் மறுபடியும் விரலை விட்டாள்.

சுள்ளென்று கோபம் வந்தது. யார்மேல் கோபப்பட? அவள் "ம், வைங்க" என்று சொல்லும்வரை கைகட்டி நின்றேன்.