அய்யனார் காட்டுப் பட்டாம்பூச்சி

செப். 9, 1974, திங்கள்
எழுந்ததும் முதல் வேலை, ஜன்னலில் வைத்த கண்ணாடிச் சாடியைப் பார்த்தது. கூடு பிளந்திருந்தது. விளிம்பைப் பற்றிக்கொண்டு பட்டாம்பூச்சி, இறக்கை இன்னும் ஈரம். கறுப்பில் வெள்ளைப் பட்டை, கீழ் இறக்கையில் சிவப்புப் புள்ளிகள், உடம்பு முழுச் சிவப்பு. வெயில் ஏறியதும் போய்விட்டது.
புழுக்கம். உப்பளப் பக்கம் பார்க்கவே கண் கூசுகிறது. வாங்க வேண்டியவை: சாக்பீஸ், மண்ணெண்ணெய், குடைக்குக் கம்பி.
மாலை அய்யனார் காடு. பாதையோரம் பெருமருந்துக் கொடி புதராக. அந்த இலையில் மட்டும்தான் இந்தப் பூச்சியின் முட்டை. இலையின் விஷம் புழுவுக்கு, புழுவிடமிருந்து பூச்சிக்கு. குருவி தொடாது. அதனால்தான் அப்படி ஒரு நிதானமான பறத்தல். இருட்டும் முன் பூச்சிகள் ஒரே காய்ந்த குச்சியில் நெருக்கியடித்துத் தொங்கின. கல்லூரியில் இதை ஊசி குத்திய பெட்டியில் பார்த்ததோடு சரி.

செப். 10, செவ்வாய்
பக்கத்து வீட்டு ராணியைப் பாம்பு கடித்துவிட்டது. விடியுமுன் உப்பு வாரப் போகையில், அதே பாதை, அதே கொடிப் புதர். உப்பு லாரியில் ஏற்றித் திண்டிவனம் ஆஸ்பத்திரி. பிழைத்துவிட்டாள்.
வகுப்பில் என்ன நடத்தினேனோ.

செப். 11, புதன்
ஊர்க் கூட்டம். புதரை வெட்ட வேண்டுமாம். ஆனால் அய்யனார் காட்டில் அவரைக் கேட்காமல் இரும்பு படக் கூடாது. எனவே வெள்ளிக்கிழமை பூக் கட்டிப் பார்ப்பது. இரண்டு பொட்டலம். குழந்தை எடுப்பதில் வெள்ளைப் பூ இருந்தால் வெட்டலாம், சிவப்பு என்றால் கூடாது. எடுக்காததைப் பிரிக்காமல் குளத்தில் விடுவது வழக்கம்.
பூசாரி: "டீச்சரம்மா, பூவ நீங்களே கட்டியாந்துடுங்க. வெளியூரு, எந்தப் பக்கமும் இல்லாதவங்க."
பின்னாலிருந்து ஒருவர்: "இன்னாப்பா, அவங்க பூச்சி பக்கமாச்சே!"
எல்லோரும் சிரித்தார்கள். நானும். சரி என்று சொல்லிவிட்டேன்.
அந்தக் கொடி வேறெங்கும் இல்லை. பிரம்மதேசம் கிராமம் வரை தேடியாயிற்று. எங்கும் சவுக்கு, இல்லாவிட்டால் உப்பு.

செப். 12, வியாழன்
மேகமூட்டம். மழை இல்லை.
ராணி வந்துவிட்டாள். கஞ்சி கொண்டுபோனேன். கால் இன்னும் வீக்கம்.
"அக்கா, வெள்ளை வரும்ல?"
"அய்யனார் சொல்றதுதானே ராணி."
"அவருக்கு இன்னா, குதிரை இருக்குது. இருட்டுல நடக்கிறவ நானு."
சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். ரோட்டு வழியாகப் போகலாமே என்றேன். "அவ்ளோ சுத்திப் போனா மேஸ்திரி திருப்பி அனுப்பிடுவான்க்கா."
புதரை வெட்டினாலும் பாம்பு அங்கேதான் எங்காவது இருக்கும் என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். படித்தவள் பேச்சு. கடிபட்டது என் கால் இல்லை.
நந்தியாவட்டையும் செவ்வரளியும் பறித்து ஈரத்துணியில் வைத்திருக்கிறேன். சாப்பிடப் பிடிக்கவில்லை.
அய்யனார் மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது. இருந்தால் அவரிடமே விட்டிருப்பேன். ராணிக்கு இருக்கிறது. ஆகவே ஏமாறப் போவது அவள்தான்.
நாளை இரண்டு பொட்டலத்திலும் செவ்வரளி.