கூறைக்காக நின்ற விமானம்

11.11.1994, வெள்ளி இரவு
சூரிச் விமான நிலைய ஹோட்டல்

பனிமூட்டத்தால் லண்டன் விமானம் நாளைக் காலைக்குத் தள்ளிப்போய்விட்டது. ஞாயிறு அங்கே தம்பிக்குக் கலியாணம். கவுண்டரில் நின்ற பெண்ணிடம் கத்திவிட்டேன். அவள் கோபிக்கவில்லை. சாப்பாடும் அறையும் கம்பனியின் பொறுப்பு, வீட்டுக்கும் இலவசமாகப் பேசலாம் என்று தொலைபேசியை என் பக்கம் நகர்த்தினாள்.

என் குரல் கேட்டதும் மனைவி பதறினாள். "என்னப்பா, கலியாணக் கூறைச்சேலை இஞ்ச அலுமாரிக்குள்ள கிடக்கு! என்னத்தைக் கொண்டு போறியள்?"

கூறை கொண்டுபோக வேண்டிய மாப்பிள்ளை வீட்டார் நாங்கள்; விமானம் நேரத்துக்குப் பறந்திருந்தால் கூறையில்லாமல் போய் இறங்கியிருப்பேன். நாங்கள் இருக்கும் எம்மன்புரூக்கேயிலிருந்து ரயிலேறி அவளே கொண்டுவந்தாள். வந்தவள் நேரே கவுண்டருக்குப் போய்ப் பார்சலைப் பிரித்தாள்.

"அந்தப் பிள்ளையிட்டச் சொல்லுங்கோ, கூறையைத் தொட்டு வாழ்த்தட்டும்."

எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். கலியாணத்தில் சபையார் எல்லாரும் தொடப்போகும் கூறையை, முதலில் தொட்டு வாழ்த்தியவள் நான் கத்திய அந்தப் பெண்தான்.