சனிக் கிரகத்து நாவலின் மூன்றாவது படம்

லோத்குண்டா,
15.6.2025, ஞாயிறு.

அன்புள்ள ஜலஜாவுக்கு,

நாம் இருவரும் விரும்பிப் படித்த அந்தச் சனிக் கிரகத்து நாவலை மூன்றாம் முறையாகப் படமெடுத்துவிட்டார்கள். நேற்று பார்த்தேன்.

1986இல் வந்த படத்தில், சனிக் கிரகத்திலேயே தங்கிவிட்ட நாயகியைக் கணவன் போய் அழைத்துவந்தான். 2004இல் வந்ததில் அவளைச் சாகடித்தார்கள். நாவலில் இரண்டுமே இல்லை என்றாலும், முதல் முடிவே எனக்கு உவப்பாக இருந்தது. நீதான் அன்று தியேட்டர் வாசலிலேயே, "திரும்பி வந்து என்ன பண்ணுவா? அவனுக்குக் காபி போட்டுண்டு நிப்பாளா?" என்று சிரித்தாய்.

இந்தப் படத்தில் அவள் வரவில்லை, ஜலஜா. கணவன் தேடிப் போகிறான். அவள் அமைத்துக்கொண்ட வீட்டைச் சுற்றிப் பார்க்கிறான். ஒரு நாள் பேசிக்கொண்டிருந்துவிட்டுத் தனியாகவே விண்கப்பலேறுகிறான். நான் எழுந்து நின்று கைதட்டினேன். பின்வரிசையிலிருந்து ஒருவர், "அரே அங்கிள், பைட்டியே நா, உட்காருங்க, மறைக்குது" என்று அதட்டினார்.

மார்ச் 3ஆம் தேதி நீ நகரின் மறுகோடியிலுள்ள கொண்டாப்பூருக்கு, நம் மகள் வீட்டுக்குப் போனது முதல், 'எப்போது வருகிறாய்?' என்பதைத் தவிர நான் வேறெதுவும் கேட்டதில்லை.

21ஆம் தேதி, சனிக்கிழமை மாலைக் காட்சிக்கு, கொண்டாப்பூரிலேயே இரண்டு டிக்கெட் எடுத்திருக்கிறேன். படம் முடிந்ததும் உன்னை மகள் வீட்டு வாசலில் விட்டுவிட்டு, நான் லோத்குண்டாவுக்குப் பேருந்து பிடிப்பேன்.

உன் பக்கத்து இருக்கைக்காரன்.