நீ தெரிவு செய்த அம்பிளிபயர்

என் அன்பு ஜெசிக்கு,

சோளகக் காற்று தொடங்கிவிட்டது. பேசாலை முழுக்க மணலும் உப்பும் பறக்கின்றன. போன கிழமை உன் அக்கா உயிலங்குளத்திலிருந்து வந்து, வீட்டைக் கூட்டித் துடைத்து, நீ தெரிவு செய்த அம்பிளிபயருக்கு மேல் ஒரு பழைய சீலைத்துண்டைப் போட்டு மூடிவிட்டுப் போனா. நான் அதை எடுக்கவில்லை.

இதை எழுதச் சொன்னது நம் மகள் டிலானிதான். "சுவரோட கதைக்கிறதை விட்டுட்டு எழுதுங்கோ அப்பா" என்று யாழ்ப்பாணத்திலிருந்து போனில் சொன்னாள். அங்கே கம்பஸில் படிக்கிறாள். அது உனக்குத் தெரியாது. சோதனைப் பெறுபேறு வந்தபோது நீ இல்லை. எழுதியதை வேறு ஆட்களும் வாசிக்கக்கூடும், அவர்களுக்கு உன்னைத் தெரியாது. அதனால் உனக்குத் தெரிந்ததையே சில இடங்களில் உனக்குச் சொல்வேன். பொறுத்துக்கொள்.

நீ வளர்ந்தது தமிழ்நாட்டில், அகதி முகாமில். அங்கே எல்லாருக்கும் பொதுவாக ஒரு டிவி. படம் போட்டால் அத்தனை குடும்பமும் வந்து குந்தும். பிள்ளைகள் அழும், பின்னால் நிற்கிறவர்கள் விசிலடிப்பார்கள். "எவ்வளவோ படம் பார்த்தனான், ஒரு படத்தையும் கேட்டதில்லை" என்று கலியாணம் முடித்த புதிதில் நீ சொன்னாய்.

தலைமன்னாருக்குத் திரும்பி வந்து, படித்து, கந்தோரில் வேலை எடுத்து, என்னைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தாய். உனக்கென்று ஆசைப்பட்டு நீ வாங்கியது ஹோம் தியேட்டர் ஒன்றைத்தான். முதலில் சத்தத்தைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்புகிற ரிசீவர், பிறகு முன் ஸ்பீக்கர்கள், பிறகு பின்னால் மாட்டுகிற சின்ன ஸ்பீக்கர்கள் என்று ஒவ்வொன்றாய்ச் சேர்த்தாய். நானோ ஐஸ் தொழிற்சாலையில் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிறவன். படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் கதிரையிலேயே நித்திரையாகிவிடுவேன். முடிந்ததும் தட்டி எழுப்புவாய்.

"இஞ்சருங்கோ, கதை விளங்கினதோ?"

"ஓம் ஓம், நல்ல படம்."

நீ சிரிப்பாய். அந்தச் சிரிப்புக்காகவே நான் ஒவ்வொரு முறையும் வந்து உட்கார்ந்தேன் என்று உனக்குத் தெரிந்திருக்குமா?

பிறகு வயிற்றில் கட்டி என்றார்கள். கொழும்பில் அந்த டொக்டர் அம்மா நம் இரண்டு பேரையும் இருத்தி வைத்துப் பொறுமையாய்ச் சொன்னா. மருந்து கடுமையானது, கட்டியைச் சுருக்கும், ஆனால் சிலருக்குக் காதைத் தாக்கும், போன கேட்கும் சக்தி திரும்பி வராது என்று. நீ ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

"காது போனாப் போகட்டும் டொக்டர். ஆள் உயிரோட இருந்தாக் காணும்."

முதலில் குக்கர் விசில் உனக்குக் கேட்காமல் போனது. பிறகு என் போன் அடிப்பது. பிறகு மனிதர் பேசும்போது "ச"வும் "த"வும் ஒன்றாகிவிட்டன. "எல்லாரும் வாய்க்குள்ள சோத்தை வைச்சுக்கொண்டு கதைக்கிற மாதிரி இருக்கு" என்றாய். படத்துக்குக் கீழே எழுத்துப் போட்டுப் பார்க்கலாமே என்று டிலானி சொன்னதற்கு உனக்குக் கோபம் வந்தது. "வாசிக்கிறதுக்கு எனக்குப் புத்தகம் இருக்கு" என்றாய். காதுக்குக் கருவி பூட்டலாம் என்று டொக்டர் சொன்னா. அதற்குள் வயிற்றில் தண்ணீர் தேங்கத் தொடங்கிவிட்டது. கொழும்புக்குப் போய் வருவதே உனக்குப் பெரிய பாடாகிவிட்டது.

அப்போதுதான் அம்பிளிபயர்க் கதையைத் தொடங்கினாய்.

படுக்கையில் இருந்துகொண்டே போனில் பார்ப்பாய், வாசிப்பாய், என்னைக் கூப்பிட்டுக் காட்டுவாய். நம்முடைய ரிசீவர் சண்டைக் காட்சி வந்தால் சூடேறித் தானாக நின்றுவிடும், அது உண்மை. "இந்தப் பெட்டி மூளையாயும் கையாயும் ரெண்டு வேலை செய்யுது. அஞ்சு ஸ்பீக்கரையும் தூக்க அதுக்கு ஏலாது. மூளை வேலையை அது செய்யட்டும், தூக்கிற வேலையை வேற அம்பிளிபயரிட்டக் குடுப்பம்" என்று எனக்கு விளங்கப்படுத்தினாய். ரிசீவருக்குப் பின்னால் தனி அம்பிளிபயர் பூட்டுகிற துளைகள் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொன்னாய். நான் மேசையை இழுத்து, ஒட்டடைக்குள் தலையை விட்டுப் படம் எடுத்து வந்து காட்டினேன். இருந்தன. அன்றைக்கு நீ அரைக் கோப்பை கஞ்சி கூடுதலாகக் குடித்தாய்.

எதை வாங்குவது என்று எத்தனை நாள் கதைத்தோம்! ஐந்து ஸ்பீக்கருக்கும் சேர்த்து ஒரே அம்பிளிபயர் எடுக்கலாம். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனியே எடுக்கலாம். அல்லது முன்னால் இருக்கிற மூன்றுக்கு மட்டும் ஒன்று எடுக்கலாம். நான் ஐந்தையும் சேர்த்து எடுப்போம் என்றேன். ஒரே வேலையாய் முடிந்துவிடும் என்று நினைத்தேன். நீ ஒத்துக்கொள்ளவில்லை.

"பின்னால வாறது மழையும் காத்தும்தான். அதுக்கு ரிசீவரின்ர பலமே காணும். ஆக்கள் கதைக்கிறது முன்னால, அதுவும் நடு ஸ்பீக்கரில. எனக்கு மழை வேண்டாம். ஆக்கள் கதைக்கிறது வேணும்."

மன்னார் டவுனில் கடை வைத்திருக்கும் பரீத் நானாவை வீட்டுக்கு வரச் சொன்னோம். ஸ்பீக்கர்கள் வாங்கியதும் அவரிடம்தானே. அவர் கட்டில் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு, கொஞ்சம் தயங்கி, உன் காதுக்குக் கேட்கும்படி உரத்துச் சொன்னார்.

"தங்கச்சி, அம்பிளிபயர் சத்தத்துக்குப் பலம் குடுக்கும். ஆனா நீங்க தேடுற தெளிவு இருக்கே... அதுக்கு நான் பொறுப்பு நிக்க ஏலாது."

"தெரியும் நானா. பிழையில பாதி காதில, பாதி பெட்டியில. காதை ஒண்டும் செய்யேலாது. பெட்டியை எண்டாலும் திருத்தலாம் எல்லோ?"

அவர் என்னைப் பார்த்தார். நான் யன்னலைப் பார்த்தேன். மூன்று ஸ்பீக்கருக்கான அந்த அம்பிளிபயரைக் கொழும்பிலிருந்து எடுப்பித்துத் தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அது வந்த அன்று நீ எழும்பி நடந்தாய். ஒரு கை சுவரில், மறு கை என் தோளில். நானும் பரீத் நானாவும் அந்த இரும்புக் கனத்தைத் தூக்கி வைத்து வயர்களைப் பூட்டும்வரை நீ கதிரையில் இருந்துகொண்டு, "சிவப்பைச் சிவப்பில போடுங்கோ" என்று கட்டளையிட்டாய். பிறகு அவர் ஒரு பரிசோதனைச் சத்தத்தைப் போட்டார். ஆழத்தில் உறுமலாகத் தொடங்கி மெல்ல மெல்லக் கீச்சென்று மேலே ஏறுகிற சத்தம். ஏற ஏற டிவியில் எண்ணும் ஏறும். உறுமலுக்கு நிலம் அதிர்ந்தது. நீ தலையை ஆட்டிக்கொண்டிருந்தாய். கொஞ்ச நேரத்தில் ஆட்டுவதை நிறுத்தினாய்.

"முடிஞ்சுதோ?"

நீ டிவியைப் பார்த்தாய். எண் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.

"உங்களுக்குக் கேக்குது, என்ன?"

"ஓம்."

"எப்பிடி இருக்கு?"

"மெல்லிசா இருக்கு ஜெசி. ஊசி மாதிரி" என்றேன். பரீத் நானா வயரைச் சரிபார்ப்பதுபோல் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார். நீதான் அவரை மீட்டாய். "நல்லாப் பூட்டியிருக்கிறீங்கள் நானா, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்றாய்.

அடுத்த நாள் பின்னேரம் படம் போட்டோம். ரிசீவர் சூடேறவில்லை, நிற்கவில்லை. ஆட்கள் பேசுவது நம் ஹோலுக்குள் வந்து நின்று பேசுவதுபோல் இருந்தது. எனக்கு. நீ சாய்ந்து படுத்திருந்து திரையையே பார்த்தாய். ஓரிடத்தில் அந்தத் தாயும் மகனும் மெதுவாய்ப் பேசிக்கொண்டார்கள். நீ என் சட்டையை இழுத்தாய்.

"இப்ப என்ன சொன்னவ?"

உன் காதோடு வாயை வைத்துச் சொன்னேன். என் குரல் தடித்த குரல், அது உனக்குக் கேட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வசனத்தையும் கேட்டுச் சொன்னேன். கலியாணம் முடித்த நாளிலிருந்து நான் நித்திரை கொள்ளாமல் கேட்ட முதல் படம் அது. பாதியில் உனக்குக் களைத்துவிட்டது. "மிச்சத்தை நாளைக்குப் பார்ப்பம்" என்றாய். போகும்போது அம்பிளிபயரைக் காட்டி, "இப்ப நல்ல தெளிவு" என்றாய்.

அதை ஏன் சொன்னாய் ஜெசி? கொஞ்சமாவது கேட்டதா? அல்லது அவ்வளவு பாரத்தைத் தூக்கி வைத்தவனுக்காகச் சொன்னாயா?

நாளைக்கு என்ற அந்த நாளில் உனக்குக் காய்ச்சல் வந்தது. மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். நீ வீட்டுக்கு வந்தது பெட்டியில்தான். காதைக் கொடுத்து உயிரை வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தோமே, அது என்ன கணக்கு? யாரிடம் போய்க் கேட்பது? வருடம் முடிந்து வந்த திவசப் பூசையில் பாதர் உன் பெயரை வாசித்து, நித்திய இளைப்பாற்றியில் இருக்கிறாய் என்றார். மற்றவர்கள் அழுதார்கள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சேமக்காலையில் உன் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்தினேன், காற்று அணைத்தது, திரும்பக் கொளுத்தவில்லை.

அந்தப் பூசைக்குத்தான் டிலானி வந்தாள். பின்னேரம் அவளாகவே அம்பிளிபயரைப் போட்டாள். "அம்மா விட்ட இடத்தில இருந்து பார்ப்பம் அப்பா" என்றாள். எனக்கு விருப்பமில்லை, ஆனால் அவள் முகத்தைப் பார்த்து உட்கார்ந்தேன். சத்தம் கண்ணாடிபோல் வந்தது. நீ சொன்னதெல்லாம் சரி, மூன்றுதான் சரியான தெரிவு. யார் பேசும்போதும் ஒரு எழுத்துக்கூடத் தவறவில்லை. கொஞ்ச நேரத்தில் டிலானி என் கையைப் பிடித்தாள்.

"அப்பா, எனக்குக் கேக்குது."

அப்போதுதான் தெரிந்தது, நான் ஒவ்வொரு வசனத்தையும் அவள் பக்கம் சாய்ந்து திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அவள் படத்தை நிறுத்தினாள். காலையில் பஸ் ஏறிப் போய்விட்டாள்.

போன மாதம் பரீத் நானா வந்தார். அம்பிளிபயரை இந்த உப்புக் காற்றில் போடாமல் வைத்தால் உள்ளே இரும்பெல்லாம் கறள் பிடிக்கும் என்றார். தன்னிடம் ஒருவர் இப்படியொன்று தேடுகிறார் என்றும் மெதுவாய்ச் சொன்னார். "யோசிச்சுச் சொல்லுறன்" என்றேன். உன் அக்கா தன்னோடு வந்து இருக்கச் சொல்கிறா. அதற்கும் அதே பதில்தான். நான் ஒன்றையும் யோசிக்கவில்லை. வேலைக்குப் போகிறேன், வருகிறேன், படுக்கிறேன். நாள் போகப் போக லேசாகும் என்கிறார்கள். ஆகவில்லை. ஆகும் என்று நான் நினைக்கவும் இல்லை. உனக்குப் பொய் சொல்லி என்ன பயன்?

விடுமுறைக்கு வந்தால் அந்தப் படத்தை முடிக்க வேண்டும் என்று டிலானி சொல்லியிருக்கிறாள். முடிவில் என்ன நடக்கிறது என்று அறிய எனக்கு ஒரு ஆசையும் இல்லை. ஆனால் அவளுக்கு இருக்கிறது. அதனால் அதுவரை அம்பிளிபயரை விற்கமாட்டேன். அவள் வந்து போட்டால் பக்கத்தில் உட்காருவேன், நித்திரை கொள்ளமாட்டேன், வாயும் திறக்கமாட்டேன். பிள்ளை தன் காதால் கேட்கட்டும். இது நான் உனக்குத் தருகிற வாக்கு. இதற்கு மேல் ஒன்றும் கேட்காதே ஜெசி, என்னிடம் இல்லை.

உன் மனுசன்,
டிலானியின் அப்பா,
அன்ரன்