அன்றைக்கு ஓட்டியது யார்

அடி அண்ணாமலை,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள சரவணகுமார் அண்ணாவுக்கு,

உங்கள் நண்பர் புகழேந்தியின் மனைவி ஓவியா வணக்கத்துடன் எழுதுவது. சென்னையில் வேதா அண்ணியும் குழந்தையும் நலம் என்று நம்புகிறேன். விபத்தன்று பேசினீர்கள். அதன் பிறகு நீங்கள் போனை எடுக்கவில்லை. அதனால்தான் கடிதம், அதுவும் இவருக்குத் தெரியாமல்.

இவருக்கு வலது காலில் கம்பி வைத்திருக்கிறார்கள். ஆறு மாதம் ஊன்றக் கூடாதாம். ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாளே உங்கள் ஐடி இருந்த இவர் போனில், ‘சரவணகுமார், இன்று ஏன் வேலைக்கு வரவில்லை’ என்று கம்பெனியின் செய்தி வந்தது. இவர் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சித்திரா பௌர்ணமியன்று கிரிவலப் பாதையில் வண்டி விடமாட்டார்கள் என்று இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். சாப்பாடு டெலிவரி கம்பெனியின் ஆப்புக்குத் தெரியவில்லை. சாப்பாட்டுப் பையோடு போலீஸ் தடுப்பில் நின்று இவர் மூன்று ஆர்டரைத் திருப்பினார். அதற்காக இவர் ஐடியை முடக்கிவிட்டார்கள். ஏன் என்று கேட்கக்கூட அங்கே ஆள் கிடையாது. அண்ணியின் பிரசவத்துக்காகச் சென்னை கிளம்பிய நீங்கள், உங்கள் ஐடியில் இவரை ஓட்டச் சொன்னீர்கள். அன்று உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டவள் நான்.

வேங்கிக்காலில் லாரி இடித்தது உங்களுக்குத் தெரியும். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் விபத்து உதவிக்கு மனு கொடுத்தேன். மனு வாங்கும் மேஜையில் இருந்த அம்மா நல்லவர், கம்பெனிக்கே போன் போட்டார். அன்னிக்கு ஓட்டினது சரவணகுமாருனு சொல்றாங்கம்மா, அவரு சென்னையில நல்லாத்தான் ஓட்டிட்டிருக்காராம், உங்க வீட்டுக்காரரு பேரே இல்லீங்களே என்றார். உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். உங்கள் கைக்குழந்தை ஞாபகம் வந்தது. மனுவை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

அவன் பொழப்புல மண்ணப் போடாதடினு இவர் சொல்கிறார். நல்ல மனசுதான். உங்கள் மேல் இவருக்குக் கோபமில்லை. எனக்கு இருக்கிறது அண்ணா, மறைக்க மாட்டேன்.

வருகிற திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசுக்கு வாருங்கள். ஓட்டியது புகழேந்திதான் என்று நீங்களே சொல்ல வேண்டும். சொன்னால் உங்கள் ஐடியும் போகலாம். தெரிந்தேதான் கேட்கிறேன். ஐடியை முடக்கும் முன் ஓட்டுகிறவரை ஒரு வார்த்தை கேட்கக் கம்பெனிக்குச் சொல்லுங்கள் என்றும் புது மனுவில் எழுதியிருக்கிறேன். கீழே உங்கள் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன்.

அண்ணாமலையார் துணை இருப்பார். ஹெல்மெட் இல்லாமல் வண்டி எடுக்காதீர்கள். உங்களுக்கு ஒன்று நேர்ந்தால், அன்றைக்கு ஓட்டியது உங்கள் புருஷன் இல்லை என்று அண்ணியிடம் யாரும் சொல்லிவிடக் கூடாது.

உங்கள் தங்கை,
ஓவியா