எதிர்க்கரையில் மட்டும் நிற்கும் மருத்துவப் படகு

அனுப்புநர்:
நெய்டா முராயாரி,
புன்ட்டா லூப்புனா,
மாராஞோன் ஆற்று இடக்கரை.

பெறுநர்:
மாவட்டச் சுகாதார அதிகாரி அவர்கள்,
மாவட்டத் தலைமையகம்.

பொருள்: எங்கள் துறையிலும் மருத்துவப் படகை நிறுத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

நான் குகாமா இனத்தவள். இக்கிடோஸ் நகரில் ஆசிரியப் பயிற்சி முடித்தவள். பத்து மாதக் குழந்தை ஐலினின் தாய்.

1. சென்ற ஆண்டு வெள்ளக் காலத்தில், ஐலின் என் வயிற்றில் இருந்தபோது, மருத்துவப் படகு எங்கள் துறைக்கு வந்தது. வழக்கப்படி எங்கள் பெண்கள் மசாத்தோ நீட்டினார்கள். மரவள்ளியை வாயில் மென்று புளிக்கவைத்த பானம் என்பதால் செவிலியர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "எங்க கிண்ணத்தைத் தொடாத கை எங்க பிள்ளைங்களையும் தொட வேண்டாம்மா, கெளம்பு" என்றார் ஊர்த்தலைவரின் மனைவி. ஊரே தடுப்பூசியை மறுத்துவிட்டதாகக் கொள்ளப்பட்டது. அதன்பின் படகு இங்கே நிற்பதில்லை. ஐலினுக்கு இதுவரை ஓர் ஊசியும் போடப்படவில்லை.

2. எதிர்க்கரை சான் ஃபெர்மின் பெண்கள் கெட்டிக்காரிகள். மசாத்தோவை ஒளித்துவைத்துவிட்டு செவிலியருக்கு வாழைப்பழக் கூழ் கொடுத்தார்கள். மாதந்தோறும் படகு அங்கே நிற்கிறது. என் சித்தி மகள் லுஸ்மீலாவின் பையன், ஐலின் வயதேயான லீனோவுக்கு எல்லா ஊசியும் போட்டாயிற்று. அவன் தொடையில் ஒட்டிய பஞ்சைக்கூட அவள் எடுக்காமல் வைத்திருந்தாள், நான் பார்ப்பதற்காக.

3. மிதந்து வரும் மரங்களுக்கிடையே குழந்தையோடு ஓடம் வலித்து அக்கரை போனேன். வேற்றூர்ப் பிள்ளைக்கு மருந்து இல்லை என்று படகிலிருந்து திருப்பி அனுப்பினார்கள். கரையில் லுஸ்மீலா ஐலினை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "எதுக்குடி அலையுறே? லீனோவோட பொறந்த ரெட்டைன்னு எம்பேருலயே பதிஞ்சுடலாம். அம்மான்னு நான் கையெழுத்துப் போட்டா தீந்துச்சு!" என்றாள். "ஒண்ணு குண்டு, ஒண்ணு நோஞ்சான். நல்ல ரெட்டைடி!" என்று யாரோ சொல்ல, ஒரே சிரிப்பு. என் மகளும் சிரித்தாள். லுஸ்மீலாவின் இடுப்பிலிருந்து என்னிடம் வர மறுத்தாள்.

இம்மனு எழுதுவதைப் பொறாமை என்கிறார் என் கணவர். பொறாமைதான். விசாரணையில் தாங்கள் அறியுமுன் நானே தெரிவித்துக்கொள்கிறேன். ஆனால் மேலாற்று ஊர்களில் கக்குவான் இருமல் பரவுவது என் பொறாமையால் அல்ல.

ஆகவே, அடுத்த பயணத்திலேயே படகு எங்கள் துறையிலும் நிற்க ஆணையிடுமாறு வேண்டுகிறேன். செவிலியரிடம் எவரும் கிண்ணம் நீட்டமாட்டார்கள். ஊர்த்தலைவரின் மனைவியோடு சண்டை போட்டு நான் வாங்கிய வாக்கு அது. அப்போதும் படகு எங்களைக் கடந்து போனால், லுஸ்மீலா சொன்னதற்குச் சம்மதிப்பதைத் தவிர எனக்கு வழியில்லை. அதன்பின் கீழே உள்ளவாறு கையெழுத்திட எனக்கு உரிமை இராது.

இடம்: புன்ட்டா லூப்புனா
நாள்: ஏப்ரல் 14

நெய்டா முராயாரி
(ஐலினின் தாய்)