துணிக்கடையில் எத்தனை கட்டில்?

முத்து முத்தாக எழுதிய என் அப்பாவுக்கு,

"மதாம், அந்தத் துணிக்கடையில் எத்தனை கட்டில் இருந்தது?"

போன மாதம் சைகோன் நகரசபையின் சுகாதார அலுவலகத்தில் ஓர் இளம் டாக்டர் என்னிடம் கேட்ட கேள்வி இது. இந்த ஊர்க்காரர், வியட்நாமியர். பிரெஞ்சில்தான் பேசிக்கொண்டோம். நீங்கள் வருடக்கணக்கில் உட்கார்ந்து இறப்புப் பதிவேடு எழுதிய அதே கட்டடம்தான் அப்பா. உங்கள் மேசை இருந்த இடத்தில் இப்போது ஓர் இரும்பு அலமாரி நிற்கிறது.

நீங்கள் உயிரோடு இருந்திருந்தால், நான் அங்கே எதற்குப் போனேன் என்று கேட்டிருப்பீர்கள். சைகோனில் எந்தெந்தத் தெருவுக்குப் புதிதாகத் தண்ணீர்க் குழாய் போடுவது என்று முடிவு செய்யப்போகிறார்கள். அதற்காகப் பழைய பதிவேடுகளைப் புரட்டி, வாந்திபேதியில் எந்தத் தெருவில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று கணக்கெடுக்கிறார்கள். உங்கள் கையெழுத்து அவர்களுக்குப் புரிகிறது. நம் தமிழ் ஆட்களின் பெயர்கள்தான் புரியவில்லை. இது ஒரே ஆளா, அப்பனும் மகனுமா என்று பிரித்துச் சொல்ல, ஓய்வுபெற்று வீட்டில் சும்மா இருக்கும் டீச்சர் அகப்பட்டேன்.

சுவரில் பெரிய வரைபடம். ஓர் இறப்புக்கு ஒரு சிவப்புக் குண்டூசி. சந்தைக்குப் பக்கத்தில் நாகூரார் துணிக்கடை இருந்த தெருவில் ஊசி குத்த இடமில்லை. பெரும்பாலும் அந்த ஒரே கடையின் விலாசம். பாலம் தாண்டி கான் ஹொய்யில், கிடங்குகளுக்குப் பின்னால் நாம் குடியிருந்த சந்து மட்டும் வெளுத்த வேட்டி மாதிரி இருந்தது. ஓர் ஊசிகூட இல்லை. பட்டியலில் கடைத்தெருவுக்கு இரண்டு குழாய். நம் சந்துக்கு ஒன்றும் இல்லை. சாவே இல்லாத இடத்துக்குக் குழாய் எதற்கு?

கட்டில் கேள்விக்கு "யோசித்துச் சொல்கிறேன்" என்றேன். பொய். யோசிக்க என்ன இருக்கிறது? அந்தக் கடையில் துணி மூட்டை இருந்தது, முழக்கோல் இருந்தது, கல்லாவுக்கு மேலே கடிதம் செருகும் பலகை இருந்தது. கட்டில் ஒன்றுகூட இருந்ததில்லை.

உங்களுக்குத் தெரியாததா? துறைமுகத்தில் மூட்டை தூக்கிய நம் ஆட்களுக்குத் தெருப் பெயர் கிடையாது, வீட்டு எண் கிடையாது. கிடங்குக்குப் பின்னால் பலகை போட்டுப் படுத்தார்கள். ஊரிலிருந்து வரும் கடிதமெல்லாம் நாகூரார் கடைக்கு வரும். அதனால் அடையாள அட்டையிலும் கடை விலாசமே ஏறியது. ஆள் செத்ததும் அந்த அட்டையைக் கொண்டுவந்து உங்கள் மேசையில் வைப்பார்கள். நீங்கள் அதைப் பார்த்து எழுதுவீர்கள்.

வகுப்பில் பிள்ளைகளுக்கு ஓர் உதாரணம் சொல்வேன் அப்பா. மழையில் கூரை ஒழுகினால், சொட்டு விழும் இடத்துக்கு நேர் மேலே ஓடு உடைந்திருக்கும் என்று நினைக்காதீர்கள். தண்ணீர் கைமரம் வழியே ஓடிவந்து வேறெங்கோ சொட்டும். பாத்திரத்தைச் சொட்டுக்குக் கீழே வைக்கலாம், உடைந்த ஓட்டை மாற்ற மேலேதான் ஏற வேண்டும் என்பேன். ஏறிப் பார்க்க வேண்டியவர் நீங்கள்தானே? நீங்களும் அதே சந்தில் குடியிருந்தீர்கள். யார் எங்கே படுத்தார்கள், எந்த வாய்க்கால் தண்ணீரைக் குடித்தார்கள் என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் எழுதினீர்களா? பழக்கத்தில் எழுதினீர்களா?

அன்றிலிருந்து உங்களைச் சந்தேகப்படத் தொடங்கினேன். உங்கள் மகள் உங்களிடமே சொல்கிறேன், கோபிக்காதீர்கள்.

மறுநாள் போய் நம் கமலத்தின் வரியைத் தேடினேன். தங்கை இறந்தபோது அவளுக்கு நான்கு வயது, எனக்கு ஒன்பது. பக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். பெயர், வயது, வாந்திபேதி, விலாசம் நாகூரார் கடை. நான்கு வயதுக் குழந்தைக்கு யார் கடிதம் போட்டார்கள் அப்பா?

விரலை வைத்துப் பார்த்தேன். அந்த இடத்தில் மட்டும் காகிதம் வெங்காயத் தோல் மாதிரி மெலிந்திருந்தது. தப்பாக எழுதினால் சவர பிளேடால் மையைச் சுரண்டிவிட்டு, நகத்தால் தேய்த்து வழவழப்பாக்குவீர்களே, அதே வேலை. பதிவேட்டை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தேன். கடை விலாசத்துக்கு அடியில் கான் ஹொய் என்ற எழுத்துகளின் நிழல் தெரிந்தது.

மற்றவர்களின் வரிகளில் சுரண்டல் இல்லை. அவர்களுக்கு அட்டையைப் பார்த்து எழுதினீர்கள். கமலத்துக்கு மட்டும் முதலில் உண்மையை எழுதி, பிறகு அழித்திருக்கிறீர்கள். அப்படியென்றால் உங்களுக்குத் தெரியும். ஆபீசுக்குப் பயந்தீர்களா? மேலதிகாரி மிரட்டினாரா? சொந்தப் பிள்ளையின் சாவை இன்னொரு தெருவின் தலையில் கட்ட எப்படி மனம் வந்தது?

இன்னொன்றும் கண்ணில் பட்டது. கமலத்தின் வரிக்குப் பிறகு, ஓரத்தில் சில பெயர்களுக்கு நேராகப் பென்சிலால் சின்னப் புள்ளி. அதற்கு முந்தைய பக்கங்களில் புள்ளி இல்லை. டாக்டரிடம் காட்டினேன். "ஈ எச்சமாக இருக்கும்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வருகைப் பதிவேட்டில், சாப்பிடாமல் பள்ளிக்கு வரும் பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் நானும் இப்படித்தான் ஒரு புள்ளி வைப்பேன். அது எனக்கு மட்டும் புரியும்.

சந்தேகம் வந்தால் சோதித்துப் பார் என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். புள்ளி வைத்த பெயர்களையும் வைக்காத பெயர்களையும் கலந்து எழுதிக்கொண்டு, கான் ஹொய்க்கு மாசிலாமணி அண்ணனைப் பார்க்கப் போனேன். உங்கள் காலத்துச் சுமைகூலிக்காரர்களில் அவர் ஒருவர்தான் மிச்சம். கண் மங்கிவிட்டது. வாய் மங்கவில்லை.

"இவங்க எல்லாம் நாகூரார் கடையில இருந்தாங்களா அண்ணே?"

"யாரு, இந்தப் பயலுவளா? ஏம்மா, அவரு என்ன எங்களைப் பட்டுத்துணி மாதிரி மடிச்சு அலமாரியிலயா வெச்சிருந்தாரு? கடுதாசி வந்தாலும் கடை விலாசம், காலரா வந்தாலும் கடை விலாசம்!"

"ஒவ்வொரு பேரா படிக்கிறேன். எங்க படுத்தாங்கன்னு மட்டும் சொல்லுங்க."

"படி, படி. டீச்சரம்மா இந்த வயசுல என்னைப் பரீட்சைக்கு உட்கார வெக்கிறா."

படித்தேன். புள்ளி வைத்த பெயர் ஒவ்வொன்றுக்கும் "நம்ம சந்து" என்றார். ஒருவர் பெயருக்கு மட்டும் நினைவில்லை என்றார். புள்ளி இல்லாத பெயர்களுக்கு வேறு வேறு இடங்கள் சொன்னார். அவருக்குப் புள்ளியைப் பற்றி நான் சொல்லவே இல்லை.

ஆக, கணக்கை நீங்கள் சரியாகவே வைத்திருக்கிறீர்கள். யாருக்காக வைத்தீர்கள்? அலமாரிக்காகவா?

அன்று சாயங்காலம் அம்மாவிடம் கேட்டேன். இத்தனை நாள் கேட்காமல் இருந்ததற்கு, கமலத்தின் பெயரை எடுத்தாலே அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவதுதான் காரணம். இப்போது எழுந்து போக முடியாத முழங்கால்.

"அம்மா, கமலத்தோட விலாசத்தை அப்பா ஏன் மாத்தினாரு?"

வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்த அம்மா நிமிரவில்லை. "அவரு எங்க மாத்தினாரு? நான்தான் மாத்தச் சொன்னேன்."

"நீயா?"

"காலையில ஆபீசுக்குப் போனவரு, நம்ம சந்து பேரை எழுதிட்டு வந்து நின்னாரு. ஒனக்கும் அன்னிக்கி ரெண்டு தடவ போயிருந்திச்சி. சந்து பேரைப் பாத்தா மருந்தடிக்கிறவன் வருவான், ஒன்னையும் வண்டியில ஏத்திக்கிட்டுப் போவான். அந்தத் தொத்துநோய்க் கொட்டாயிக்குப் போன புள்ள எது திரும்பி வந்திச்சி? ஒண்ணக் குடுத்தாச்சி, இன்னொண்ணையும் குடுக்கவான்னு கேட்டேன். எழுதினது எழுதினதுதான்னாரு. எழுதினா என்ன, சுரண்டுங்கன்னேன். மனுசன் குடையை எடுத்துக்கிட்டு மறுபடி போனாரு."

அப்பா, அரிசிப் பானைகளுக்குப் பின்னால் பாய் போட்டு என்னை நான்கு நாள் படுக்க வைத்தது எனக்கு நினைவிருக்கிறது. அம்மா கஞ்சித் தண்ணீரைக் கரண்டி கரண்டியாக ஊட்டினாள். "சத்தம் போடாதே" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அதை ஏதோ விளையாட்டு என்று இத்தனை வயது வரை நினைத்திருந்தேன். இத்தனை நாள் உங்களைச் சந்தேகப்பட்டேனே, அந்தச் சுரண்டலுக்குள் படுத்திருந்தது நான்.

ஆனாலும் விடவில்லை. "மத்தவங்ககிட்டயாவது சொன்னாரா?" என்றேன்.

"தண்ணியக் காய்ச்சிக் குடிங்கன்னு வீடு வீடாச் சொன்னாரு. எதுக்குன்னு கேட்டாங்க. என்னத்தச் சொல்லுவாரு? எம்பொண்ணு இந்தத் தண்ணியிலதான் போனான்னா? காகிதத்துல அவ கடைத்தெருவுல செத்திருக்கா."

"நான் பொழைச்சப்புறம் சொல்லியிருக்கலாமே?"

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அப்புறம் சொன்னா வேலை போயிடும். அது ஒரு சாக்கு. நெசத்தைச் சொல்லவா? அப்புறம் ரெண்டு பேருக்கும் வெக்கமாப் போச்சி."

இந்த இடத்தில்தான் நான் நிற்கிறேன் அப்பா. என்னைக் காப்பாற்றியதற்கு உங்களைக் கும்பிடுகிறேன். கமலத்துக்குப் பிறகு புள்ளி வைத்த ஒவ்வொரு பெயருக்கும் உங்களிடம் பதில் கேட்கிறேன். இரண்டும் ஒரே மனதில் இருக்கிறது. ஒன்று மற்றொன்றை அழிக்கவில்லை. நம் வீட்டில் மட்டும் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தபோது, வெளியே போய்க் காரணத்தைச் சொல்ல முடியாமல் நீங்கள் எப்படித் தூங்கினீர்கள்?

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. "இதை எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும், மதாம். உங்கள் தந்தைதான் பதிவேட்டைத் திருத்தினார் என்றும் எழுத வேண்டியிருக்கும். உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டார். மாலை வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன்.

"எழுது. ஆனா சுரண்டச் சொன்னது நான்னும் சேத்து எழுது. அவரு தலையில மட்டும் போடாதே" என்றாள் அம்மா.

எழுதினேன். உங்கள் அளவுக்கு அழகான கையெழுத்து எனக்கு வாய்க்கவில்லை. அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன்.

டாக்டர் அதை வாங்கி இரண்டு தரம் படித்தார். பிறகு எழுந்து போய், கடைத்தெருவிலிருந்து ஒரே ஓர் ஊசியைப் பிடுங்கிப் பாலத்துக்கு அந்தப் பக்கம், நம் சந்தில் குத்தினார். அது கமலம். புள்ளி வைத்த மற்றவர்களை, குழாய்களை முடிவு செய்யும் குழு கூடிய பிறகுதான் நகர்த்த முடியுமாம். பென்சில் புள்ளியை எந்தக் குழு நம்பும் என்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் காகிதத்தை அவர் இழுப்பறையில் வைத்த விதமும் எனக்குப் பிடிக்கவில்லை. உங்கள் மகளாயிற்றே, ஒரு நகல் எடுத்துக் கையில் வைத்திருக்கிறேன்.

அந்த வெள்ளைச் சந்தில் இப்போது கமலம் தனியாக நிற்கிறாள் அப்பா. சின்ன வயதிலேயே தனியாக நிற்கப் பயப்படுவாள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் அந்த அலுவலகத்துக்குப் போய் வரைபடத்தின் முன்னால் உட்காருவேன். நீங்கள் புள்ளி வைத்தவர்கள் எல்லோரும் பாலம் தாண்டி அவள் பக்கத்தில் வந்து சேரும்வரை போவேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

இந்தக் கடிதத்தைப் படிக்கும் நம்மவர்களிடம் ஒன்று கேட்கிறேன். இன்றைக்கே உங்கள் வீட்டு அடையாள அட்டையை எடுங்கள். அதில் எழுதியிருக்கும் தெருவுக்கு நடந்து போய், நீங்கள் தினமும் குடிக்கும் தண்ணீர் அங்கேதான் பிடிக்கப்படுகிறதா என்று பாருங்கள்.

பானைக்குப் பின்னால் படுத்துப் பிழைத்த
உங்கள் மூத்த மகள்